நெடுந்தூர பைக் பயணம்: முதல்முறை கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே முடித்துவிட வேண்டியவை

நெடுந்தூரம் பைக் ஓட்டுவதில் ஒரு வினோதம் உண்டு. களைப்பு ஏற ஏற, வண்டியை நிறுத்த மனசு வராது. நான்கைந்து மணி நேரம் ஒரே சீராக ஓடிய பிறகு மற்ற யோசனைகள் எல்லாம் ஓய்ந்து, சாலையும் இன்ஜின் சத்தமும் மட்டும் மிஞ்சும். அந்த நிலைக்காகத்தான் பலரும் திரும்பத் திரும்பக் கிளம்புகிறார்கள். ஆனால் "இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடலாம்" என்று தோன்றுவதும் அதே நிலையில்தான். வேகம்கூடப் பழகிப்போகும். வெகுநேரம் 100-ல் ஓட்டிவிட்டு ஊருக்குள் நுழைந்தால் 60 என்பது நடைவேகம் போலத் தெரியும். அந்த நேரத்துத் தீர்மானங்களை நம்பக் கூடாது. எத்தனை மணிக்கு நிறுத்துவது, எந்த நிலையில் டயர் மாற்றுவது, எவ்வளவு செலவானால் திரும்புவது என்று எல்லா வரம்புகளையும் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

1. மணிக்கணக்கில் திட்டம் போடுங்கள்

புதியவர்கள் வரைபடத்தைத் திறந்து, "500 கி.மீ. தானே, ஏழு மணி நேரத்தில் போய்விடலாம்" என்பார்கள். சரியான கணக்கு வேறு. ஓடும்போது சராசரி மணிக்கு 65 கி.மீ. என்று வைத்தால் 500 கி.மீ.க்கு 7 மணி 42 நிமிடம். அதனுடன் கால் மணி நேர நிறுத்தங்கள் மூன்று, சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், வழி தவறுதல், மழை, சாலை வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி நேரம். ஆக 9 மணி 42 நிமிடம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மாலை 4-க்குச் சற்று முன்பு சேர்வீர்கள். மொத்த சராசரி மணிக்கு 52 கூட வராது. வேகத்தைக் கூட்டி இதை உயர்த்துவது கடினம். நிறுத்தங்கள் நீளாமல் பார்த்துக்கொண்டால் எளிதாக உயரும். பெட்ரோல் போட ஒரு நிறுத்தம், தண்ணீருக்கு ஒன்று, போன் பார்க்க இன்னொன்று என்று தனித்தனியாக நிற்பதில்தான் நேரம் கரைகிறது.

முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு 350 முதல் 400 கி.மீ. போதும். மலைப்பாதை, மண் சாலை என்றால் அதில் பாதி. பல நாள் பயணம் என்றால் ஐந்தாறு நாளைக்கு ஒரு நாள் வண்டியையே தொடாத நாளாக இருக்கட்டும். துணி துவைக்க, செயின் பார்க்க, தூங்க அந்த நாள் வேண்டும். எல்லையைக் கடக்கும் நாளை அரை நாள் பயணமாகவே கணக்கில் எழுதுங்கள். முத்திரை வாங்குகிற வரிசை உங்கள் திட்டத்துக்குக் கட்டுப்படாது.

2. ஆவணங்கள்: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

சொந்த நாட்டுக்குள் என்றால் வேலை குறைவு: ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு. மூன்றும் பயணம் முடிந்து ஒரு மாதம் வரையாவது செல்லுபடியாக இருக்கட்டும். பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரே ஓர் எண் மாறியிருந்தாலும் உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எல்லையில் சுங்கத்துறைச் சோதனையில் அதுவே உங்களைத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும்.

எல்லை தாண்டுவதாக இருந்தால் முதலில் பாஸ்போர்ட். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி கேட்கும் நாடுகள் பல. விசாவில் ஒரு பொறி இருக்கிறது. சில விசாக்களின் காலம் நீங்கள் நுழைந்த நாளிலிருந்து எண்ணப்படும், சில வழங்கிய நாளிலிருந்து. இரண்டாவது வகையை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் போனால், எல்லைக்குச் சேரும்போது விசா காலாவதியாகியிருக்கும். ஒவ்வொரு விசாவும் எந்த வகை என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே வாங்கும் வரிசையைத் தீர்மானியுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டும்தான். அசல் உரிமம் கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இதில் இரண்டு வகை உண்டு. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது மூன்று ஆண்டு வரையோ, அசல் உரிமம் காலாவதியாகும் வரையோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் தேவைப்படும் வழித்தடங்களும் உண்டு. அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான கட்டத்தில் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பாருங்கள். கார் கட்டத்தில் மட்டும் விழுந்திருந்தால் சட்டப்படி நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம், காப்பீடும் கிடைக்காது.

அடுத்தது கார்னெட். வண்டியின் பாஸ்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். வண்டியை ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுபோகிறேன், அங்கே விற்க மாட்டேன் என்பதற்கான உத்தரவாதம் இது. ஆட்டோமொபைல் சங்கங்கள் வழங்குகின்றன. எல்லா நாடுகளும் கேட்பதில்லை. பல நாடுகளில் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி தருவார்கள். கார்னெட் 5, 10, 25 பக்கங்களில் வரும், பொதுவாக ஓராண்டு செல்லும். ஒரு நாட்டுக்குள் ஒருமுறை நுழைந்து வெளியேற ஒரு பக்கம் வேண்டும். போய்விட்டுத் திரும்பும் வழியில் அதே நாட்டுக்குள் மறுபடி நுழைந்தால் இன்னொரு பக்கம் போகும். பக்கக் கணக்கில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வழங்குவதற்கு முன் வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் வைத்து ஒரு பிணைத்தொகை கேட்பார்கள். சில வழித்தடங்களில் அது வண்டியின் விலையையே தாண்டிவிடும். திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனால் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். பணம் கையை விட்டுப் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: வெளியேறும்போது முத்திரை வாங்காமல் வந்துவிடுவது. நுழையும்போது அதிகாரியே கேட்டு வாங்கிக் குத்துவார். வெளியேறும்போது யாரும் கேட்காமலே தடுப்பைத் தூக்கிவிடுவதும் நடக்கும். முத்திரை இல்லாமல் வெளியே வந்துவிட்டால், வண்டி இன்னும் அந்த நாட்டுக்குள் இருப்பதாகவே பதிவாகி, வரி கேட்பார்கள். அடிக்கட்டையில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கின்றனவா என்று நின்று படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் நோட்டரி சான்றளித்த அதிகாரக் கடிதம் வேண்டும். கடனில் வாங்கியது என்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் சேர்த்து.

மருத்துவக் காப்பீட்டில், மோட்டார் சைக்கிள் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். 125 சிசி-க்கு மேல் இருந்தால் செல்லாது என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும் பாலிசிகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் இரண்டு தாள் நகல், போனில் ஒரு நகல், வீட்டில் ஒருவரிடம் ஒரு நகல். அசல்களைப் பக்கப்பெட்டியில் வைக்காதீர்கள். ஜாக்கெட்டின் உள்பையில், தண்ணீர் புகாத உறைக்குள் இருக்கட்டும்.

3. செலவு: பெட்ரோலோடு முடிவதில்லை

எல்லோரும் பெட்ரோல், தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் கூட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். தேய்மானத்தைச் சேர்க்காததால் வீடு திரும்பிய மாதம்தான் கை கடிக்கும். ஒவ்வொரு உதிரிபாகத்தின் விலையையும் அது எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பதால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கான செலவு வரும். பின் டயர் வண்டியையும் ரப்பரையும் பொறுத்து 10,000 முதல் 15,000 கி.மீ., முன் டயர் அதைவிடக் கூடுதலாக, செயின் செட் 15,000 முதல் 25,000 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆயிலும் பிரேக் பேடும் இதே முறையில்.

ஓர் உதாரணம். பின் டயர் 12,000 தாங்கும், ஏற்கெனவே 3,000 ஓடியிருக்கிறது, பயணம் 8,000. கணக்குப்படி இன்னும் 1,000 மிச்சம் இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டாயிரம் கிலோமீட்டரை ஆழம் குறைந்த பட்டைகளோடு ஓட்டுவீர்கள், மழை வந்தால் பிடிமானம் இருக்காது. வழியில் உங்கள் அளவு டயர் கிடைக்காவிட்டால் கிடைக்கிற விலைக்குத்தான் வாங்க வேண்டும். கிளம்பும் முன்பே மாற்றிவிடுவதுதான் மலிவு. கழற்றிய டயரை உள்ளூர் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, அதைத் தொட்டால் அன்றே திரும்புவது என்று எழுதி வையுங்கள்.

4. வண்டி

சர்வீஸைக் கிளம்பும் நாளுக்கு முதல் நாள் செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்பே முடித்து, அதன் பிறகு 300 கி.மீ.யாவது ஓட்டிப் பாருங்கள். சரியாக முறுக்காத போல்ட்டும் கசிகிற சீலும் அதற்குள் தெரிந்துவிடும்.

செயின்தான் புதியவர்களை அதிகம் படுத்தும். தொய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், பல வண்டிகளுக்கு 20 முதல் 35 மி.மீ. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே அளந்து பாருங்கள். தொய்வு அதிகமானால் சத்தம் போடும், கழன்றுவிழும் ஆபத்தும் உண்டு. இறுக்கம் அதிகமானால் சத்தமே இருக்காது, ஆனால் சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டையும் பேரிங்கையும் இழுத்துக் கெடுத்துவிடும். சந்தேகம் வந்தால் சற்றுத் தொய்வாகவே விடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிகிறதா? செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் பழைய பற்கள் புதுச் செயினைத் தின்றுவிடும். 500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் செயினுக்கு மசகு எண்ணெய் (லூப்) அடியுங்கள். காலையில் அடிப்பதைவிட இரவு நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போது அடிப்பது நல்லது. உள்ளே இறங்கி ஒட்ட இரவு முழுக்க நேரம் கிடைக்கும். காலையில் அடித்துவிட்டு உடனே கிளம்பினால் பாதி பின் டயரில்தான் தெறிக்கும்.

டயரின் வயதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டை புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சுமையேற்றினால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கையேட்டில் தனி வரி இருக்கும். டியூப்லெஸ் என்றால் பஞ்சர் குச்சிகள், துளையைச் சீர்செய்யும் கூர்கம்பி, சிறிய பம்ப் போதும். கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப்தான். மாற்று டியூபும் டயர் கழற்றும் நெம்புகோல்களும் வேண்டும், பழக்கமும் வேண்டும்.

இன்ஜின் ஆயிலைத் தினமும் காலையில், வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டியை நாள் முழுக்க உச்ச சுழற்சிக்குப் பக்கத்தில் விரட்டினால் ஆயில் குடிக்கும். அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டினால் இன்ஜின் போய்விடும்.

டூல் கிட்டுக்கு ஒரு தேர்வு வையுங்கள். வீட்டு வாசலில், எடுத்துப் போகும் கருவிகளை மட்டுமே வைத்து இரண்டு சக்கரங்களையும் கழற்றி மாட்டுங்கள். ஏதாவது ஒரு ஸ்பேனர் குறைவது அப்போதுதான் தெரியும். மாற்று கிளட்ச் கேபிள், ஃபியூஸ்கள், அதே அளவுச் செயினுக்கான இணைப்புக் கண்ணி, லீவர், டேப், கட்டுக்கம்பி இவ்வளவு போதும். அதற்கு மேல் சேர்ப்பது பயத்தின் எடை.

5. சுமை

வண்டி, ஆள், பொருள் எல்லாம் சேர்த்து அதிகபட்ச எடை எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அதிலிருந்து வண்டியின் எடையையும் உங்கள் எடையையும் கழித்தால் மிச்சம் வியக்கும்படி குறைவாக இருக்கும். பின்னால் ஒருவர் அமர்ந்தால் இன்னும் குறையும். கனமானவை கீழே, சீட்டுக்குப் பக்கத்தில். பின்னால் உயரத்தில் இருக்கும் டாப் பாக்ஸில் போர்வை மாதிரி லேசானவை மட்டும். அங்கே எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். சுமையேற்றிய பிறகு பின் சஸ்பென்ஷனின் முன்னழுத்தத்தை (பிரீலோட், அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கம்) கூட்டி, ஹெட்லைட்டைச் சற்றுக் கீழே இறக்குங்கள். கட்டும் பட்டைகளின் தொங்கும் நுனியை மடித்து முடிச்சுப் போடுங்கள். பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். துணிப் பைகள் சைலன்சரிலிருந்து ஒரு கையகலமாவது தள்ளி இருக்கட்டும். நிற்கும்போது தள்ளியிருக்கும் பை, பள்ளத்தில் குதிக்கும்போது தொட்டுவிடும்.

6. உடம்பு

காதடைப்பானைப் பலர் தேவையில்லாத சொகுசு என்று நினைக்கிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் சுமார் 100 டெசிபலைத் தொடும். செவிக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்க, மாலையில் வரும் களைப்புக்கு இந்தச் சத்தமும் ஒரு காரணம். மென்நுரை அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் குறைக்கும், ஆனாலும் ஹார்ன் கேட்கும். சில இடங்களில் அணிவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். தடித்த தையல் உள்ள உள்ளாடையும் வேண்டாம், மூன்றாவது மணி நேரத்தில் அந்தத் தையல் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். புது சீட், புது பூட்ஸ், புது ஹெல்மெட் எதையும் பயணத்தன்று முதல்முறை பயன்படுத்தாதீர்கள். விரல்கள் மரத்துப்போனால் கையுறையைக் குறை சொல்வதற்கு முன் லீவர்களின் கோணத்தைப் பாருங்கள். முன்கையும் விரலும் நேர்கோட்டில் வரும்படி திருப்பிவிட்டாலே பாதி சரியாகும்.

காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் ஜாக்கெட்டைத் திறந்துவிடுவது உதவாது. அப்போது காற்று குளிர்விப்பதில்லை, சூட்டைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். காற்றுவழிகளை மூடி, உள்ளே ஈரத்துணி அணிந்து, உறிஞ்சு குழாயுள்ள தண்ணீர்ப் பையிலிருந்து அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். நிறுத்தம் குறைய வேண்டும் என்று தண்ணீரைக் குறைப்பது மடத்தனம்.

7. ஒத்திகை

முழுச் சுமையோடு 300 கி.மீ. போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்புங்கள். பாதியாவது மழையிலோ இருட்டிலோ இருந்தால் நல்லது. அந்த இரண்டு நாளில் தொடாத பொருளைத் திரும்பியதும் வெளியே எடுத்துவிடுங்கள். கருவியும் மருந்துப் பெட்டியும் மழைச்சட்டையும் மட்டும் விதிவிலக்கு.

8. சாலையில் ஒரு நாள்

விடிந்ததும் கிளம்புங்கள், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். இரண்டு மணி நேரமோ 150 கிலோமீட்டரோ, எது முன்னால் வருகிறதோ அப்போது ஒரு நிறுத்தம். டேங்க் 13 லிட்டர், லிட்டருக்கு 32 கி.மீ. என்றால் 416 கி.மீ. வர வேண்டும். சுமையும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 340-தான் வரும். 270-ல் நிரப்பிவிடுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை மனஉறுதியால் வெல்லலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தினமும் ஆறே மணி நேரம் தூங்கிப் பல நாள் ஓட்டினால் தூக்கக்கடன் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் முதல் சில நாளுக்குப் பிறகு அது கூடுவது உங்களுக்கே தெரியாது, பழகிவிட்டது என்று நினைப்பீர்கள். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நான்கு நொடி கண் அயர்ந்தால் 100 மீட்டர் ஓட்டுபவர் இல்லாமல் ஓடியிருக்கும். அதிகாலை 2 முதல் 6 மணியும், பிற்பகல் 2 முதல் 4 மணியும் உடம்பு தானாகவே மந்தமாகும் நேரம்.

கொட்டாவிக்கு முன்பே வரும் அறிகுறிகள் இவை: கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, கியர் மாற்ற மறக்கிறீர்கள், வேகம் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது, பாட்டு முணுமுணுக்கத் தோன்றவில்லை, எதிரே வருகிறவர் மேல் எரிச்சல் வருகிறது. இவற்றில் இரண்டு வந்தால் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். காஃபின் வேலை செய்ய ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அரை மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழும்போது இன்னும் மந்தமாக இருக்கும். பிற்பகலுக்குப் பின் காபி வேண்டாம். அது தரும் ஒரு மணி நேரத்தை இரவுத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

நிறுத்தும் நேரத்தை ஒரு துண்டு டேப்பில் எழுதி டேங்கின் மேல் ஒட்டி வையுங்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். அந்த நேரம் தாண்டியும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றினால், அதுதான் நிறுத்த வேண்டியதற்கான அடையாளம்.

9. ஆயிரம் மைல் ஆசை வந்தால்

சில பயணங்களுக்குப் பிறகு பலருக்கும் வரும். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் அதற்கென்றே சான்றிதழ் தருகிறது. அதில் நுழைவுப்படி சேடில்சோர் 1000: 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கி.மீ. மொத்த சராசரி மணிக்கு 67 கி.மீ. வேகமாக ஓட்டினால் முடியும் என்று நினைப்பவர்கள் நிறுத்தங்களில் தோற்பார்கள். ஓராண்டு அனுபவம் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். 600, 800, 1,000 கி.மீ. நாட்கள் சிரமமின்றி முடிந்த பிறகு, நெரிசலற்ற நெடுஞ்சாலையில், நீண்ட பகல் உள்ள பருவத்தில் முயலலாம்.

சான்றிதழுக்கு ஓட்டம் பாதி, காகிதம் பாதி. தொடக்கத்திலும் முடிவிலும் வழியில் பெட்ரோல் போடும் இடங்களிலும், பாதை திரும்பும் மூலைகளிலும் தேதி, நேரம், இடம் மூன்றும் அச்சான ரசீது வேண்டும். பம்பை விட்டு நகர்வதற்கு முன் ரசீதைப் படியுங்கள். நேரம் தப்பாக ஓடும் இயந்திரங்கள் எங்கும் உண்டு, அப்படி இருந்தால் பக்கத்துக் கடையில் இன்னொரு ரசீது வாங்குங்கள். ஓடோமீட்டர் எண்ணை ரசீதின் பின்புறம் அங்கேயே எழுதிப் படம் எடுங்கள், வெப்பத்தாளின் எழுத்து வெயிலில் மங்கிவிடும். வண்டியின் ஓடோமீட்டர் கூடுதலாகக் காட்டுவது சகஜம் என்பதால் வரைபடத் தூரத்தில் 30 மைலாவது உபரி வைத்துப் பாதை போடுங்கள்.

10. திரும்பிய பிறகு

கார்னெட்டைக் கடைசி முத்திரை வரை சரிபார்த்து, வழங்கிய சங்கத்திடம் உடனே ஒப்படையுங்கள். அது போய்ச் சேராமல் பிணைத்தொகை விடுபடாது. ஆயில், செயின், பேடு, டயர் தேய்மானத்தை அளந்து மூன்றாவது படியில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். அடுத்த பயணத்துக்கான சரியான எண்கள் அங்கேதான் கிடைக்கும். காதில் ரீங்காரம், சுண்டுவிரலில் மரமரப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் நாளே வரைபடத்தைத் திறக்கத் தோன்றும், திறந்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வண்டியின் சர்வீஸ் முடிந்து, பயணச் செலவு முழுக்கக் கட்டி முடியும் வரை தேதி குறிக்காதீர்கள். செலவை வீட்டில் குறைத்துச் சொல்ல ஆரம்பித்தால், தேய்ந்த டயரோடு "பக்கத்தில்தானே" என்று கிளம்பினால், நிறுத்தும் நேரத்தை எழுதிய டேப்பை ஒட்டாமலே புறப்பட்டால், அந்த ஆண்டு நெடுந்தூரத்தை அதோடு நிறுத்தி, நாள் பயணங்களோடு இருங்கள்.